மறந்தது எங்கே போயிற்று?

ஏழாம் வரியில் ஒரு தடுக்கல்

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு நாள் மாலை, பள்ளிக்கூடம் விட்டு வந்து, கைகால் கழுவி, அம்மா கொடுத்த சுண்டலைத் தின்று முடித்த என் பேத்தி, வாய்ப்பாட்டுப் புத்தகத்தை என் மடியில் போட்டுவிட்டு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"தாத்தா, பதினாறாம் வாய்ப்பாடு ஒப்பிக்கப் போறேன். புஸ்தகத்தைப் பார்த்துக்கிட்டே இருங்க, தப்பு வந்தா சொல்லுங்க."

"பதினாறாம் வாய்ப்பாட்டுக்குப் புஸ்தகம் எதுக்கும்மா? எனக்குத் தலைகீழாத் தெரியும்" என்று சொல்லிப் புத்தகத்தை மூடி வைத்தேன்.

அவள் கணீரென்று தொடங்கி, ஆறு பதினாறு தொண்ணூற்றாறு என்பது வரையில் தடையின்றி ஓடி, ஏழில் வந்து நின்றாள். அண்ணாந்து என் முகத்தைப் பார்த்தாள். எடுத்துக் கொடுக்க வேண்டியவன் நான். வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. தொண்ணூற்றாறோடு பதினாறைக் கூட்டி, நூற்றுப் பன்னிரண்டு என்று நான் சொல்லி முடிப்பதற்குள், "தாத்தாவுக்கும் தெரியலை!" என்று அவள் வீடு முழுவதற்கும் அறிவித்தாயிற்று.

அந்த அவமானத்தைத் துடைக்க வேண்டி, அன்றிரவே புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு சிறு பிள்ளையைப் போல் உருப்போடத் தொடங்கினேன். இரண்டாம் நாள் மாலைக்குள் பதினாறு வரிகளும் நாவில் வந்து நின்றுவிட்டன. அவளுக்கோ அது முழுதாக வசப்பட ஒரு வாரத்திற்கு மேல் ஆயிற்று. எண்களோடு அறுபது ஆண்டுக் காலம் பழகியவனுக்கு வாய்ப்பாடு ஒரு பொருட்டா என்று வாசகர் கேட்கலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் எழுந்தது. ஆகவே, நான் என் ஆயுளில் என்றுமே படித்திராத இருபத்து மூன்றாம் வாய்ப்பாட்டை அதே முறையில் உருப்போட்டுப் பார்த்தேன். அது இரண்டு நாளில் வரவில்லை. ஐந்து நாள் என்னை அலைக்கழித்தது.

இப்பொழுது புதிர் தெளிவாக முன்னே நிற்கிறது. பதினாறாம் வாய்ப்பாடு என் நெஞ்சிலிருந்து அடியோடு போய்விட்டது என்றால், அதுவும் இருபத்து மூன்றாம் வாய்ப்பாட்டைப் போல் எனக்குப் புதியதாகவே இருந்திருக்க வேண்டும். போகவில்லை என்றால், பேத்தி முகத்தைப் பார்த்து நின்றபொழுது அது ஏன் வரவில்லை? இருக்கிறது என்றும் சொல்ல முடியாமல், இல்லை என்றும் சொல்ல முடியாமல், இடையே நிற்கும் இந்த நிலைக்கு என்ன பெயர்? பல வருஷம் வடதேசத்தில் உத்தியோகம் பார்த்துத் திரும்பியவர் அந்த ஊர்ப் பாஷையை மறந்துவிட்டதாகச் சொல்வார். மீண்டும் அங்கே போய்ப் பத்து நாள் தங்கினால், பேச்சு தானாக நாவில் ஊறும். இளமையில் கற்ற வீணையை முப்பது வருஷம் தொடாதிருந்த அம்மாள், நரம்பில் விரல் வைத்த சில நாட்களில் பழைய வர்ணத்தை வாசித்துவிடுவாள். எல்லார் வீட்டிலும் நிகழும் சங்கதிதான் இது. இதை அளந்து பார்க்கலாம் என்று துணிந்தவர் மட்டும் நெடுங்காலம் ஒருவரும் இல்லை.

அளக்க முடியாததை அளக்கப் புகுந்தவர்

ஹெர்மன் எபிங்ஹாஸ் என்பவர் ஜெர்மனி தேசத்தில் பார்மென் என்ற ஊரில் 1850ஆம் ஆண்டு பிறந்தார். அவருடைய காலத்தில் மனத்தைப் பற்றிய ஆராய்ச்சி, தத்துவ சாஸ்திரத்தின் திண்ணையை விட்டு மெல்ல இறங்கி, சோதனைச் சாலையின் வாசற்படியை மிதித்துக்கொண்டிருந்தது. குஸ்தாவ் ஃபெக்னர் என்ற பேராசிரியர் 1860இல் வெளியிட்ட நூலொன்றில், ஒளியும் கனமும் புலன்களில் உண்டாக்கும் உணர்ச்சியை எண்ணால் அளந்து காட்டியிருந்தார். 1879இல் லைப்ஸிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் என்பவர் மனோதத்துவத்திற்கென்றே ஒரு சோதனைச் சாலையை ஏற்படுத்தினார். ஆயினும், ஞாபகம், சிந்தனை முதலிய உயர்ந்த மனத்தொழில்கள் இத்தகைய சோதனைக்குப் பிடிபடா என்பதே வுண்ட் போன்ற பெரியோர்களின் அபிப்பிராயமாக இருந்தது. கண்ணுக்கு எதிரே விளக்கை ஏற்றி இறக்கலாம். ஞாபகத்தை எதைக் கொண்டு ஏற்றுவது, எதைக் கொண்டு இறக்குவது?

லைப்ஸிக் சோதனைச் சாலை தொடங்கிய அதே 1879இல், சோதனைச் சாலையும் இல்லாமல், உதவியாளரும் இல்லாமல், சோதிக்கப்படுவதற்கு வேறு மனிதரும் இல்லாமல், எபிங்ஹாஸ் தம்மையே மாணாக்கராகவும் தம்மையே பரீட்சகராகவும் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். 1880 வரை ஒரு தடவையும், 1883–84இல் மறுபடி ஒரு தடவையும் சோதனைகளை நடத்தி, 1885இல் ஞாபகத்தைப் பற்றிய சிறு நூலொன்றை வெளியிட்டார். அளவில் சிறியதுதான், அதைப் போல் பிற்காலத்தவருக்கு வேலை வைத்த நூல்கள் மனோதத்துவத்தில் அதிகம் இல்லை.

அவருக்கு முன்னிருந்த முதல் தடை, கற்கும் பொருள். ஒரு செய்யுளை எடுத்துக்கொண்டால், அதில் ஒரு வரி ஏற்கெனவே காதில் விழுந்ததாக இருக்கும். ஒரு வரி சொந்தத் துக்கத்தை நினைவூட்டும். ஒரு வரி சுவையற்றுக் கிடக்கும். ஒரே அளவினவாக இல்லாத படிக்கற்களைக் கொண்டு நிறுக்க முடியுமா? ஆகவே அவர், இரண்டு மெய்யெழுத்துக்களின் நடுவே ஓர் உயிரை வைத்து, ஏறக்குறைய 2,300 அசைகளை உண்டாக்கினார். அவற்றைக் கலைத்துப் போட்டு, கைக்கு வந்தபடி எடுத்து வரிசையாக எழுதிக்கொண்டார். பொருள் தொனித்தவை அவற்றுள் மிகச் சொற்பம். 'பொருளற்ற அசை' என்று இவற்றை நாம் அழைப்போம்.

ஜெர்மன் பாஷையில் சுலபமாக இருந்த இந்தக் காரியம் தமிழில் அவ்வளவு சுலபமில்லை என்பதை நான் அனுபவத்தில் கண்டேன். மெய், உயிர், மெய் என்று மூன்று ஒலியைச் சேர்த்தால் நம் பாஷையில் கல் வருகிறது, நெல் வருகிறது, கண், மண், பொன், மீன், தேன் எல்லாம் வருகின்றன. முன்னோர் ஓர் இடத்தையும் காலியாக விட்டு வைக்கவில்லை. வல்லினத்தில் முடிந்தால் தப்பலாம் என்று 'மூச்' என்று எழுதினேன். அது பிள்ளைகளை அதட்டும் சொல்லாகிவிட்டது. 'நோட்' என்று எழுதினேன், அது ரூபாயாகிவிட்டது. கடைசியில் தெப், ஞிட், வூத் என்று சில தேறின. அவற்றை ஒரு வரிசையாக எழுதி நீங்களும் வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். ஐந்து நிமிஷத்தில் எழுந்து ஓடத் தோன்றும். எபிங்ஹாஸ் இந்த வேலையை, நிமிஷத்திற்கு 150 தடவை ஒலிக்கும் கடிகாரத்தின் தாளத்திற்கு ஏற்ப, குரலை ஏற்றாமலும் இறக்காமலும், நாள்தோறும் குறித்த வேளையில் உட்கார்ந்து, மாதக் கணக்கில் செய்தார். மாலை 6 மணிக்கும் 8 மணிக்கும் இடையே கற்றால் காலையை விட அதிக நேரம் பிடிக்கிறது என்பதையும் கண்டு, அதற்கும் கணக்கில் இடம் ஒதுக்கினார். தபஸ்விகளின் சரித்திரத்தில் கூட இவ்வளவு சுவையற்ற ஜபத்தை நான் படித்ததில்லை.

இந்த ஜபத்தில் அவர் கண்ட முதல் உண்மை வியப்பானது. ஏழு அசைகள் உள்ள வரிசை ஒரே வாசிப்பில் மனத்தில் பதிந்துவிடுகிறது. ஐந்தே அசை கூட்டிப் பன்னிரண்டாக்கினால், ஏறக்குறைய 17 தடவை வாசிக்க வேண்டியிருக்கிறது. பதினாறு அசைக்கு 30 தடவை. மனம் ஒரு பிடியில் அள்ளக்கூடியதற்கு எல்லை ஏழு அளவில் இருக்கிறது. அதைத் தாண்டிய ஒவ்வொன்றிற்கும் கூலி கொடுத்தாக வேண்டும்.

மிச்சக் கணக்கு

இனி அவருடைய யுக்தியின் உயிர்நிலைக்கு வருவோம். ஞாபகத்தைச் சோதிக்க நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, 'நினைவிருக்கிறதா?' என்பது. அதற்கு விடை இரண்டே: இருக்கிறது, இல்லை. பள்ளிக்கூடப் பரீட்சையும் நீதிமன்றத்துச் சாட்சிக் கூண்டும் இந்தக் கேள்வியைத்தான் கேட்கின்றன. என் பேத்தியும் அன்று அதைத்தான் கேட்டாள். எபிங்ஹாஸ் அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு வேறொன்று கேட்டார்: 'மீண்டும் கற்க எவ்வளவு பாடுபட வேண்டும்?' இதற்குரிய விடை ஓர் எண். எண் வந்துவிட்டால் அளவு வந்துவிட்டது.

ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். ஒருவர் இன்று காலை சில அசை வரிசைகளைப் பிழையின்றி ஒப்பிக்கும்வரை உருப்போடுகிறார். அதற்கு 20 நிமிஷம் செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாளைக் காலை அதே வரிசைகளை ஒப்பிக்கச் சொன்னால் பாதியில் விழிக்கிறார். ஆனால் நாம் விழிப்பதைப் பார்த்து மதிப்பெண் போடுவதில்லை. மறுபடியும் பிழையின்றி வரும் வரையில் உருப்போடச் சொல்லி, நேரத்தைக் குறிக்கிறோம். இம்முறை 13 நிமிஷமே பிடிக்கிறது. முதல் நாள் இருபது, இன்று பதின்மூன்று. ஆக 7 நிமிஷம் மிச்சம். இருபதுக்கு ஏழு என்றால் நூற்றுக்கு 35. முதல் நாள் உழைப்பில் நூற்றில் முப்பத்தைந்து பங்கு, அவர் அறியாமலே எங்கோ பத்திரமாக இருந்து, இன்று அவருக்கு உதவியிருக்கிறது என்பது இதன் தாத்பரியம். இதை 'மிச்சம்' என்றே இனி வழங்குவோம்.

இந்தக் கணக்கில் ஒரு நயம் இருக்கிறது. ஓர் அசைகூட நினைவுக்கு வராத ஒருவரிடத்திலும் மிச்சம் இருக்கக்கூடும். எபிங்ஹாஸ் பதினாறு அசை கொண்ட வரிசைகளை வெவ்வேறு எண்ணிக்கையில் வாசித்துவிட்டு, மறுநாள் மீண்டும் கற்றுப் பார்த்தார். இன்று மூன்று தடவை வாசித்தால், நாளைக்கு ஏறக்குறைய ஒரு தடவை மிச்சமாகிறது என்று கண்டார். எட்டுத் தடவையே வாசித்த வரிசைகள் மறுநாள் அவருக்கு முற்றிலும் அந்நியமாகத் தோன்றின. முன்பு பார்த்தவை என்ற பரிச்சயம் கூட எழவில்லை. ஆயினும் மிச்சம் விழத் தவறவில்லை. கடன் கொடுத்ததையே மறந்துபோன ஒருவனுக்கு, கடனாளி தானே வந்து வட்டி கட்டிவிட்டுப் போவது போன்ற அதிசயம் இது! நமக்கு நினைவு இருக்கிறதா என்பதை நம்மிடமே கேட்பது, வீட்டுப் பத்திரங்களைப் பற்றி வாசற்காவலனிடம் விசாரிப்பதற்குச் சமானம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மறதியின் வளைகோடு

மறதி எவ்வளவு வேகத்தில் நிகழ்கிறது என்பதை அறிய, அவர் பதின்மூன்று அசை கொண்ட வரிசைகள் எட்டை ஒரு தொகுதியாக வைத்துக்கொண்டு, கற்பதும் இடைவெளி விட்டு மறுபடி கற்பதுமாக 163 சோதனைகள் செய்தார். அவற்றின் சாரத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். கற்று 20 நிமிஷத்தில், மிச்சம் நூற்றுக்கு 58. ஒரு மணி நேரத்தில் 44. ஏறக்குறைய 9 மணி நேரத்தில் 36. ஒரு நாளில் 34. இரண்டு நாளில் 28. ஆறு நாளில் 25. 31 நாளில் 21.

இந்த எண்களைச் சற்றே நிதானமாகப் பார்க்க வேண்டும். கற்றதில் பாதிக்கு மேல் முதல் ஒரு மணி நேரத்திற்குள்ளேயே கழன்றுவிடுகிறது. அதற்குப் பின் வந்த ஒரு மாத காலமும் சேர்ந்து, அந்த ஒரு மணி நேரம் தின்றதில் பாதியைக் கூடத் தின்ன முடியவில்லை. அடுப்பிலிருந்து இறக்கி முற்றத்தில் வைத்த வெந்நீர், முதலில் விறுவிறுவென்று சூடு ஆறி, பிறகு வெதுவெதுப்பிலேயே நெடுநேரம் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்; மறதியின் நடையும் அப்படிப்பட்டதுதான். வரைந்தால் மலையின் செங்குத்தான சரிவில் தொடங்கி, அடிவாரத்துச் சமவெளியில் நெடுந்தூரம் செல்லும் கோடு அது. 'மறதியின் வளைகோடு' என்று அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. பரீட்சைக்கு முந்திய இரவு கண் விழித்துப் படித்த பையன், வினாத்தாளைக் கையில் வாங்கும்பொழுது எந்தச் சரிவில் நிற்கிறான் என்பதை இந்தக் கோட்டில் விரல் வைத்துக் காட்டலாம்.

பட்டியலில் ஓர் இடம் மட்டும் கண்ணை உறுத்துகிறது. ஒன்பது மணி நேரத்திற்கும் ஒரு நாளுக்கும் இடையே இழந்தது 2 பங்கே. அடுத்த நாளிலோ 6 பங்கு போகிறது. முதலில் மந்தமாக இருந்த நஷ்டம் பிறகு வேகம் கொள்வானேன்? அந்த முதல் இடைவெளிக்குள் ஓர் இரவு முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது கவனிக்கத் தக்கது. 1924இல் அமெரிக்காவில் ஜெங்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர், கற்ற பின் தூங்கியவர்களையும் விழித்திருந்தவர்களையும் ஒப்பிட்டு, தூங்கியவர்களே குறைவாக மறக்கிறார்கள் என்று காட்டினார்கள். பகலின் சந்தடி ஒன்றன்மேல் ஒன்றாகப் புதுச் சுவடுகளைப் பதித்துப் பழையதை மிதித்து அழிக்கிறது. உறக்கத்தில் அந்த மிதிப்பு இல்லை என்பது அவர்கள் கூறிய சமாதானம். உறக்கம் வெறும் ஓய்வு மட்டுமன்று, அப்பொழுது மூளை பகலில் கற்றதை உறுதிப்படுத்தவும் செய்கிறது என்பது பிற்காலத்தார் கண்டது.

ஒரே மனிதர், அதுவும் தம்மைத் தாமே சோதித்துக்கொண்டவர், சொன்னதை உலகத்தின் இயல்பாக ஏற்கலாமா என்ற ஆட்சேபம் நியாயமானதே. அதற்குக் கிடைத்த விடைகளுள் ஒன்று 130 ஆண்டுகள் கழித்து வந்தது. 2015இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர், எபிங்ஹாஸ் செய்தபடியே பொருளற்ற அசைகளை ஒருவர் 70 மணி நேரம் கற்றும் மறுபடி கற்றும் பார்த்த சோதனையை வெளியிட்டனர். பழைய கோடும் புதிய கோடும் ஏறத்தாழ ஒன்றன்மேல் ஒன்று பொருந்தின; ஒரு நாள் இடைவெளியின் இடத்தில் கோடு சற்றே மேலே எழும்புவதாகவும் தோன்றியது. அந்த எழும்பலைக் கண்டபொழுது, கண்ணை உறுத்திய இடத்தை நான் மறுபடி புரட்டிப் பார்த்துக்கொண்டேன்.

அண்டை வீடும் தெருக்கோடி வீடும்

பொருளற்றதை அளந்த பிறகு, பொருளுள்ளதையும் ஒரு கை பார்க்க விரும்பிய எபிங்ஹாஸ், ஆங்கிலக் கவி பைரனின் 'டான் ஜுவான்' காவியத்திலிருந்து சில பாடல்களை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு பாடலிலும் சுமார் 80 அசைகள். ஒன்பது தடவைக்குள் ஒரு பாடல் பாடமாயிற்று. அதே நீளமுள்ள பொருளற்ற வரிசைக்கு எழுபது எண்பது தடவை வாசிக்க வேண்டியிருந்திருக்கும் என்று அவர் கணக்கிட்டார். பொருளும் சந்தமும் எதுகையும் சேர்ந்து பாரத்தை ஏறக்குறையப் பத்தில் ஒன்றாகக் குறைத்துவிட்டன.

இதைப் படிக்கும் தமிழர், இதில் என்ன புதுமை என்று கேட்கக்கூடும். வைத்தியத்தையும் சோதிடத்தையும் இலக்கணத்தையும் கூட எதுகை மோனையோடு செய்யுளில் கட்டிவைத்த சமூகம் நம்முடையது. ஏடு அரிதாகவும் நெஞ்சே புத்தகமாகவும் இருந்த காலத்தில், செய்யுள் என்பது அலங்காரம் மாத்திரம் அன்று. பெட்டிக்குப் பூட்டைப் போல அது ஒரு தேவை. அந்தாதி என்ற அமைப்பைப் பாருங்கள். ஒரு பாட்டின் இறுதிச் சொல் அடுத்த பாட்டின் முதற்சொல்லாக நின்று கைபிடித்து அழைத்துப் போகிறது. அபிராமி அந்தாதியின் நூறு பாடல்களையும் மளமளவென்று ஒப்பிக்கும் பாட்டிமார் உண்டு. அவர்களை இடையில் நிறுத்தி, நாற்பத்தேழாம் பாட்டைச் சொல்லுங்கள் என்றால் திகைப்பார்கள், நாற்பத்தாறின் கடைசி அடியை எடுத்துக் கொடுத்தாலோ நாற்பத்தேழு தானே ஓடி வரும்.

இந்தக் கைகோப்பு பக்கத்தில் நிற்பவரோடு மட்டும்தானா என்பதையும் எபிங்ஹாஸ் சோதித்தார் என்பது அவருடைய மதிநுட்பத்திற்குச் சாட்சி. பதினாறு அசை வரிசைகளை நன்றாகக் கற்றுவிட்டு, மறுநாள் அவற்றில் ஒன்று விட்டு ஒன்றாக அசைகளைப் பொறுக்கிப் புது வரிசை அமைத்துக் கற்றார். அடுத்தடுத்து இருந்தவை பிரிந்துவிட்டபடியால் மிச்சம் ஒன்றும் விழக் கூடாது. விழுந்தது: நூற்றுக்கு 11. ஏழு அசை தாண்டிப் பொறுக்கியபொழுதும் நூற்றுக்கு 3 மிச்சம் இருந்தது. ஒரு வரிசையைக் கற்கையில் ஒவ்வோர் அசையும் அண்டை வீட்டோடு உறவு கொள்வதல்லாமல், தெருக்கோடி வீட்டோடும் மெல்லிய உறவு கொண்டுவிடுகிறது. உருப்போடுபவன் அந்த உறவை நாடவும் இல்லை, அறியவும் இல்லை.

பைரன் பாடல்களுக்கும் ஒரு பின்கதை உண்டு. 22 ஆண்டுகள் கழித்து எபிங்ஹாஸ் அவற்றை மறுபடி எடுத்துக் கற்றுப் பார்த்தார். இதற்கிடையே அவை முற்றிலும் மறந்துபோயிருந்தன. மிச்சம் நூற்றுக்கு 7 இருந்தது.

கைக்குழந்தைக்குக் கிரேக்க நாடகம்

மனிதனுடைய வாழ்வில் எந்தப் பருவம் முழுமையாக மறந்துபோகிறது என்று கேட்டால், எல்லாரும் ஒரே விடையைத்தான் சொல்ல வேண்டும். பிறந்தது முதல் ஏறக்குறைய மூன்று வயது வரையில் நடந்தவற்றை வளர்ந்த பின் பெரும்பாலோர் நினைவுகூர்வதில்லை. நடக்கவும் பேசவும் தாயின் முகத்தை அறியவும் கற்றுக்கொண்ட அந்தக் காலமே ஏடு கிழிந்தாற்போல் இல்லாமற் போகிறது. அப்படியானால் கைக்குழந்தையின் காதில் விழுவதெல்லாம் விழலுக்கு இறைத்த நீர்தானா?

அமெரிக்காவில் பர்ட் என்ற மனோதத்துவப் பேராசிரியர் இதற்கு ஒரு விசித்திரமான சோதனை செய்தார். தம் மகன் பதினைந்து மாதக் குழந்தையாக இருந்தபொழுது தொடங்கி மூன்று வயது வரையில், சோபோகிளிஸ் இயற்றிய கிரேக்க நாடகத்திலிருந்து இருபது இருபது வரிப் பகுதிகளை, ஒவ்வொன்றையும் மூன்று மாத காலம் நாள்தோறும் ஒரு தடவையாக, அக்குழந்தைக்கு வாசித்துக் காட்டினார். குழந்தைக்குக் கிரேக்கம் தெரியாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு அவையும் பொருளற்ற அசைகளே. பிறகு சும்மா விட்டுவிட்டார். பையனுக்கு எட்டரை வயதானபொழுது, பழைய பகுதிகளில் சிலவற்றையும், அதே நாடகத்திலிருந்து அவன் முன்பு கேட்டிராத பகுதிகள் சிலவற்றையும் கலந்து கொடுத்து மனனம் செய்யச் சொன்னார். புதியவற்றுக்குச் சராசரி 435 தடவை தேவைப்பட்டது. பழையவற்றுக்கு 317 தடவை போதுமாயிருந்தது. மிச்சம் நூற்றுக்கு 27. பதினான்கு வயதில் வேறு சில பழைய பகுதிகளைக் கொண்டு சோதித்தபொழுது மிச்சம் 8 ஆகச் சுருங்கியிருந்தது. பதினெட்டில் ஒன்றும் இல்லை. 1941இல் இந்த முடிவுகள் வெளிவந்தன.

இந்தச் சோதனையில் என்னை மிகவும் கவர்வது, பழையது எது, புதியது எது என்ற பேதத்தை அவற்றுக்குச் செல்லும் உழைப்பே காட்டிக்கொடுத்தது என்பது. இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு பாட்டும் கதையும் சொல்லும் நம் தாய்மார்களைப் பார்த்து, அதற்கு என்ன தெரியும் என்று சிரிப்பவர்கள் உண்டு. ஒரு குழந்தையை வைத்துச் செய்த ஒரே சோதனையைக் கொண்டு அவர்களை வாயடைக்கச் செய்ய நான் முயலவில்லை. எட்டரை வயதுப் பையனின் அந்த 118 தடவை வித்தியாசத்திற்கு அவர்கள் என்ன சமாதானம் சொல்வார்கள் என்று கேட்க மட்டும் விரும்புகிறேன்.

கண்ணாடியில் ஒரு நட்சத்திரம்

நினைவு இல்லாமலே கற்றது இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடக் கூர்மையான சாட்சியம் ஒரு நோயாளியிடமிருந்து வந்தது. ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்க இளைஞருக்கு, கடுமையான காக்காய் வலிப்பைப் போக்கும் பொருட்டு, 1953இல் அவருடைய 27ஆம் வயதில், மூளையின் இரு பக்கத்திலும் பொட்டுக்கு உட்புறமாக அமைந்த சில பகுதிகளை அறுத்தெடுத்தார்கள். கடற்குதிரையின் வடிவை ஒத்திருப்பதால் அந்தப் பெயராலேயே வழங்கும் உறுப்பின் பெரும்பகுதியும் அதில் போயிற்று. வலிப்பு குறைந்தது, ஆனால் அன்று முதல் புதிதாக நடந்த எதுவும் அவர் மனத்தில் தங்கவில்லை. காலையில் கண்டவரை மாலையில் புதியவராக வரவேற்றார். 2008இல் அவர் காலமாகும் வரையில் உலகம் அவரைப் பெயரின் முதலெழுத்துக்களால் மட்டுமே அறிந்திருந்தது.

பிரெண்டா மில்னர் என்ற அம்மையார் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். இரட்டைக் கோட்டால் வரைந்த நட்சத்திரம் ஒன்றின் இரு கோடுகளுக்கும் நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். ஆனால் தம் கையை நேரே பார்க்கக் கூடாது, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தே வரைய வேண்டும். முதல் தடவையில் யாருக்கும் பென்சில் தாறுமாறாக ஓடும், அவருக்கும் ஓடிற்று. மூன்று நாள் தொடர்ந்து செய்ததில், பிழைகள் மளமளவென்று குறைந்து, கை நன்றாகப் பழகிவிட்டது. ஒவ்வொரு நாளும் அவரைக் கேட்டால், இந்த வேலையைத் தாம் முன்பு செய்ததே இல்லை என்றுதான் சொன்னார். நடந்ததை நினைவுகூர்வது ஒரு தொழில், பழகியதைச் செய்வது வேறொரு தொழில், இரண்டிற்கும் மூளையில் வெவ்வேறு இருப்பிடங்கள் உண்டு என்ற கொள்கை அங்கிருந்து வேர் விட்டது. வீணை அம்மாளின் விரல்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

அறுபத்தெட்டும் முப்பத்தெட்டும்

எபிங்ஹாஸின் சோதனைகளில், மாணவர் உலகத்திற்கு மிகவும் பயன்படக்கூடியதும், மாணவர் உலகம் மிகவும் அலட்சியம் செய்ததுமான ஒன்றைக் கடைசிக்கு வைத்திருந்தேன். பன்னிரண்டு அசை கொண்ட வரிசைகளை ஒரே நாளில் தொடர்ந்து 68 தடவை வாசித்துவிட்டு, மறுநாள் மீண்டும் கற்றார். வேறு வரிசைகளை மூன்று நாட்களில் பிரித்து, மொத்தம் 38 தடவை வாசித்துவிட்டு, அதற்கடுத்த நாள் மீண்டும் கற்றார். இரண்டும் ஒரே பலனைத் தந்தன. ஒரே மூச்சில் வாசித்த 30 தடவை வீண்!

இடைவெளி ஏன் உதவுகிறது என்பதைப் பற்றிப் பண்டிதர்களிடையே இன்றும் வாதம் உண்டு. எனக்குப் பொருத்தமாகத் தோன்றும் ஒரு விளக்கம் இது: சற்றே மறந்த பிறகு நினைவுக்குக் கொண்டுவர எடுக்கும் முயற்சி இருக்கிறதே, அந்த முயற்சியே சுவட்டை ஆழப்படுத்துகிறது, மறவாதிருக்கையில் திரும்பத் திரும்பச் சொல்வதில் அம்முயற்சிக்கு வேலையே இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார், காலையில் சொல்லிக் கொடுத்ததை மாலையில் வீட்டுக்கு விடும்முன் ஒரு தடவை முறை சொல்ல வைத்தபொழுது, செங்குத்துச் சரிவில் உருளப் பார்த்ததைத் தடுத்து நிறுத்திக்கொண்டிருந்தார். அவருடைய பிரம்பை நான் சிபாரிசு செய்யவில்லை.

இவ்வளவையும் பேத்திக்கு அவளுக்குப் புரியும் அளவில் சொன்னேன். அவளுக்குப் பைரனும் பிடிக்கவில்லை, நட்சத்திரம் கொஞ்சம் பிடித்தது, மிச்சக் கணக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு, என் பெயரையும் தன் பெயரையும் எழுதி, கடிகாரத்தை வைத்துக்கொண்டு நிமிஷம் குறிக்கத் தொடங்கினாள். நான் ஐந்து நாள் பாடுபட்டுக் கற்ற அந்த இருபத்து மூன்றாம் வாய்ப்பாட்டை, இரண்டு மாதம் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்டாள். நாலாம் வரியில் நின்றேன். அவளுக்கு இம்முறை சிரிப்பு வரவில்லை. ஆராய்ச்சிக்காரரின் முகத்தோடு, "பரவாயில்லை தாத்தா, திரும்பப் படிங்க, நான் நேரம் பார்க்கிறேன்" என்றாள்.

முதல் தடவை ஐந்து நாளும் சேர்த்து 50 நிமிஷம் ஆகியிருந்தது. இம்முறை அவள் நோட்டில் எழுதியது 36. மிச்சம் நூற்றுக்கு எவ்வளவு என்பதை வாசகரே போட்டுக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் அதைப் போட்டவள் அவள்தான், பதினாறாம் வாய்ப்பாட்டைப் பாராமலே.